சீனக் கோட்டோவியம் (பைமியாவ்): அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சில ஆண்டுகளாகச் சீன முறைக் கோட்டோவியம் பழகி வருகிறேன். என் மேசைமேல் இருக்கும் தாள்களைப் பார்ப்பவர்கள் திரும்பத் திரும்பச் சில கேள்விகளைக் கேட்கிறார்கள். ஒவ்வொரு முறையும் பாதி பதிலோடு பேச்சு வேறு பக்கம் போய்விடுகிறது. அதனால் எனக்குத் தெரிந்ததை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

பைமியாவ் என்றால் என்ன?

கருப்பு மை, ஒரு தூரிகை, கோடு. இவ்வளவுதான். வண்ணம் கிடையாது, நிழல் தீட்டுவது கிடையாது. சீன மொழியில் 'பை' என்றால் வெள்ளை, எதுவும் சேர்க்காதது. 'மியாவ்' என்றால் கோடிட்டு வரைவது. தமிழில் 'வெறுங்கோட்டு ஓவியம்' என்று சொன்னால் பொருந்தும் என்று நினைக்கிறேன்.

முதலில் இது வண்ணம் பூசுவதற்கு முன் போடும் அடிவரைவாகத்தான் இருந்தது. பூசியபின் கோடு பாதி மறைந்துவிடும். பிறகு ஒரு கட்டத்தில், 'இதற்குமேல் எதுவும் தேவையில்லை' என்று ஓவியர்கள் தூரிகையைக் கீழே வைக்கத் தொடங்கினார்கள். அந்த இடத்தில்தான் இது தனிக் கலையாகிறது.

பென்சிலில் அவுட்லைன் போடுவதும் இதுவும் ஒன்றுதானே?

பார்க்க ஒன்று போலத் தோன்றும். கையில் எடுத்தால் வேறுபாடு உடனே தெரிந்துவிடும்.

பென்சில் முனை கெட்டியானது. சின்னச் சின்னதாக இழுத்து, தேவைப்பட்டால் மேலேயே இன்னொன்று இழுத்து, சரியான வடிவத்தை மெல்ல மெல்லப் பிடிக்கலாம். தூரிகையின் முனை மயிராலான கூம்பு. ஒரு நூலளவு அழுத்தினால் கோடு இரு மடங்காகும். தயங்கி நின்றால் மை ஊறிப் பொட்டாகிவிடும். வேகமாக இழுத்தால் மை பிடிக்காமல் வறண்டுபோகும். ஆக, கை எங்கே அழுத்தியது, எங்கே அவசரப்பட்டது, எங்கே மூச்சு விட்டது எல்லாம் கோட்டில் பதிந்துவிடுகிறது.

ஓர் உதாரணம். தென் சோங் அரச மரபின் காலத்து ஓவியர் ஜாவ் மெங்ஜியன் (1199–1264) வரைந்த நார்சிசஸ் மலர்ச் சுருள் ஒன்று நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் ஒரே ஓர் இலையை மட்டும் பாருங்கள். அடியிலிருந்து ஒரு கோடு எழுந்து வருகிறது. இலை திரும்பும் இடத்தில் அது மெலிந்து மெலிந்து மயிரிழை ஆகிறது. அந்த இடத்திலேயே, அதன் அடியிலிருந்து, இலையின் மறு ஓரம் இன்னொரு கோடாக வெளியே வருகிறது. இரண்டுக்கும் நடுவில் இருப்பது வெறும் தாள்தான். ஆனாலும் இலை முறுக்கிக்கொண்டு நிற்கிறது என்பதில் கண்ணுக்குச் சந்தேகமே வருவதில்லை. ஓரத்தை மட்டும் காட்டும் அவுட்லைன் இதைச் செய்யாது.

இந்தக் கலை எவ்வளவு பழமையானது?

ஹூனான் மாகாணத்தின் சாங்ஷா நகரில் 1949இல் ஒரு கல்லறையிலிருந்து பட்டுத்துணி ஓவியம் ஒன்று கிடைத்தது. ஒரு பெண், மேலே ஒரு டிராகன், ஒரு ஃபீனிக்ஸ். பொது ஆண்டுக்கு முந்தைய போரிடும் நாடுகள் காலத்தைச் சேர்ந்தது. அதிலேயே உருவத்தைத் தாங்குவது தூரிகைக் கோடுதான்.

பெயர் தெரிந்த ஓவியர்களில் முதலில் சொல்லப்படுபவர் கூ கைஜி. நான்காம் நூற்றாண்டு, கிழக்கு ஜின் காலம். அரண்மனைப் பெண்களுக்கான அறிவுரைகளைச் சித்திரிக்கும் ஒரு சுருள் அவர் பெயரில் வழங்குகிறது. பிரிட்டிஷ் அருங்காட்சியகம் அதை 1903இல் வாங்கியது. அது அவர் கைப்பட வரைந்ததல்ல, பிற்காலத்துப் பிரதி என்பதே ஆய்வாளர்கள் பெரும்பாலோரின் கருத்து. பிரதியிலும் அந்தக் கோட்டின் குணம் தெரிகிறது: மெல்லியது, ஒரே சீரானது, எங்கேயும் முட்டாமல் ஓடுவது. வசந்த காலத்துப் பட்டுப்புழு நூல் விடுவதுபோல என்று சீனர்கள் சொல்வார்கள். பட்டு நெய்த ஊர்க்காரர்கள் கண்ட உவமை என்பதால் அதில் ஒரு நுட்பம் உண்டு. புழு நூலை விட்டு விட்டுத் துப்புவதில்லை. தொடங்கினால் கூடு முடியும்வரை அறாமல் ஒரே இழைதான்.

கோட்டுக்கு 'எலும்பு' என்று ஏன் சொல்கிறார்கள்?

ஆறாம் நூற்றாண்டை ஒட்டி வாழ்ந்த ஷியே ஹெ ஓவியத்துக்கு ஆறு விதிகள் வகுத்தார். முதல் விதி உயிர்த்துடிப்பைப் பற்றியது. இரண்டாவதே தூரிகையைப் பற்றியது: எலும்பு முறையில் தூரிகையைக் கையாளுதல். உருவம் ஒத்திருப்பது, நிறம் பொருந்துவது எல்லாம் அதற்குப் பிறகுதான் வருகின்றன. அந்த வரிசையைப் பார்த்தாலே அவர்கள் எதை முதலில் வைத்தார்கள் என்பது விளங்கும்.

எலும்பு உள்ளே இருந்து உடம்பைத் தாங்குகிறது. நல்ல கோடும் அப்படித்தான். ஒரு கையின் கோட்டைப் பார்க்கும்போது தோலின் ஓரம் மட்டும் தெரிந்தால் போதாது, உள்ளே முழங்கை மூட்டு இருப்பது தெரிய வேண்டும். கோடு தொளதொளவென்று இருந்தால் சீன ஆசிரியர்கள் 'எலும்பு இல்லை' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். என் தாள்கள் பலவற்றுக்கும் அந்தச் சொல் பொருந்தும்.

'வூவின் கச்சை காற்றில் ஆடும், ட்ஸாவின் ஆடை நீரில் நனைந்திருக்கும்' என்கிறார்களே, அது யாரைப் பற்றி?

இரண்டு ஓவியர்களின் கோட்டை ஒப்பிடும் பழமொழி இது.

வூ என்பது வூ தாவோட்ஸு. எட்டாம் நூற்றாண்டு, தாங் பேரரசின் உச்சக் காலம். சாங்ஆன், லுவோயாங் நகரக் கோவில்களின் சுவர்களை நிறைத்தவர். ஒரு சுவர்கூட இன்று மிஞ்சவில்லை. ஆனால் அவர் கோடு தடித்து மெலிந்து ஓடியதையும், வரைந்த தெய்வங்களின் கச்சை நிஜமாகவே காற்றில் பறப்பதுபோல இருந்ததையும் பழைய நூல்கள் விரிவாக எழுதி வைத்திருக்கின்றன. தளபதி பெய் மின் வாள் சுழற்றி ஆடியதைப் பார்த்துவிட்டு, அந்த வேகத்திலேயே சுவரில் வரைந்தார் என்று ஒரு கதை உண்டு. அடிமட்டம் இல்லாமலே நேர்க்கோடும் வளைவும் போட்டவர் என்று 847இல் நூல் எழுதிய ஜாங் யான்யுவான் வியக்கிறார்.

ட்ஸாவ் ஜோங்தா ஆறாம் நூற்றாண்டில் வடக்கு சி அரசில் இருந்தவர். பூர்விகம் மத்திய ஆசியா. அவர் வரைந்த புத்தரின் ஆடை, ஆற்றிலிருந்து எழுந்து வந்தவர் போல உடம்போடு ஒட்டியிருக்குமாம். அவர் ஓவியங்களும் இன்று இல்லை. ஆனால் ஷான்டோங் மாகாணத்துச் சிங்ஜோவில் 1996இல் தோண்டியெடுத்த புத்தர் சிலைகளைப் பார்த்தால் அந்த வருணனை என்ன சொல்கிறது என்று புரிகிறது. மடிப்பே இல்லாமல் உடலை ஒட்டிய மெல்லிய ஆடை. நம் நாட்டுச் சாரநாத்தின் குப்தர் காலப் புத்தரிடமும் அதே ஆடையைப் பார்க்கலாம். பௌத்தம் போன வழியில் ஆடை மடிப்பின் கோடும் போயிருக்கிறது.

பைமியாவைத் தனிக் கலையாக்கியவர் யார்?

லி கோங்லின் (1049–1106). வடக்கு சோங் காலத்து அதிகாரி, பழம்பொருள் ஆய்வாளர், சூ ஷி, ஹுவாங் டிங்ஜியன் போன்ற கவிஞர்களின் நண்பர். வூ தாவோட்ஸு பெரிய சுவரில் செய்ததை இவர் கைக்கடக்கமான சுருளுக்குக் கொண்டுவந்தார். ஆரவாரத்தைக் குறைத்தார். அமைதியான, படித்தவர் கையெழுத்து போன்ற ஒரு கோடு.

இவருடைய 'ஐந்து குதிரைகள்' சுருளின் கதையைச் சொல்லாமல் விட முடியாது. அரசவைக்குக் காணிக்கையாக வந்த ஐந்து குதிரைகள், ஒவ்வொன்றையும் பிடித்தபடி ஓர் ஆள். முதல் நான்கு குதிரைகளின் பெயரும் உயரமும் பக்கத்தில் எழுதியிருக்கும். சீன அரண்மனையிலிருந்து ஜப்பானுக்குப் போன இந்தச் சுருள் இரண்டாம் உலகப்போரில் அழிந்துவிட்டது என்றே பல பத்தாண்டுகள் நம்பினார்கள். பழைய கருப்பு வெள்ளை அச்சுப் பிரதிகளை வைத்துத்தான் பாடம் நடத்தினார்கள். 2019 ஜனவரியில் டோக்கியோ தேசிய அருங்காட்சியகக் கண்காட்சியில் அது மக்கள்முன் விரிந்தது. அப்போது இன்னொரு வியப்பு: அதில் இலேசான வண்ணமும் இருந்தது. வெறுங்கோட்டின் உச்சம் என்று தலைமுறைகள் மேற்கோள் காட்டிய ஓவியம் அது! எனக்கு இதில் ஏமாற்றம் ஏதுமில்லை. குதிரையின் கழுத்திலிருந்து முதுகு வழியாகப் பின்தொடைக்கு இறங்கும் அந்தக் கோடு, வண்ணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒரு பெரிய உடம்பின் எடையை ஒற்றை இழையில் சுமக்கிறது.

பதினெட்டு வகைக் கோடுகள் இருக்கின்றன என்பது உண்மையா? எல்லாவற்றையும் கற்க வேண்டுமா?

மிங் அரச மரபின் காலத்து (14–17ஆம் நூற்றாண்டு) நூல்கள் ஆடை மடிப்பு வரையும் கோடுகளைப் பதினெட்டாகப் பட்டியலிட்டன. பெயர்களே அழகு: இரும்புக் கம்பி, யாழ் நரம்பு, ஓடும் மேகம் வழியும் நீர், ஒடிந்த நாணல், வில்லோ இலை, மூங்கில் இலை, இலந்தைக்கொட்டை, ஆலிவ், மண்புழு, விறகு. எல்லாமே கண்ணெதிரில் இருக்கும் பொருள்களின் பெயர்.

முந்தைய நூற்றாண்டுகளின் ஓவியர்கள் இந்தப் பட்டியலைப் பார்த்து வரைந்தவர்கள் அல்லர். வரைந்து முடித்தவற்றைப் பார்த்துப் பின்னால் வந்தவர்கள் பெயர் வைத்தார்கள். சில வகைகளுக்கு இடையே வேறுபாடு சொல்வதும் கடினம். அதனால் பதினெட்டையும் மனப்பாடம் செய்வதில் பயன் குறைவு.

மூன்று போதும் என்பது என் எண்ணம். முதலில் இரும்புக் கம்பி: தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே தடிப்பு, வளைக்கும்போதும் விறைப்பு குறையக்கூடாது. பார்க்கச் சாதாரணம், பழக மிகக் கடினம். அடுத்து ஆணித்தலை எலிவால்: தொடங்கும்போது அழுத்தி ஆணியின் கொண்டை போல ஒரு முடிச்சு, பிறகு போகப் போக மெலிந்து எலியின் வால். தோளிலும் முழங்கையிலும் துணி இழுபடும் இடங்களுக்கு இது. மூன்றாவது வில்லோ இலை: இரு முனையும் கூர்மை, நடுவில் தடிப்பு. இந்த மூன்றும் கையில் ஏறிவிட்டால் மற்றவை தானாக வரும்.

என்ன தூரிகை வாங்க வேண்டும்?

கோட்டுக்கென்றே நீண்ட மெல்லிய தூரிகைகள் இருக்கின்றன. 'இலை நரம்பு', 'ஆடை மடிப்பு' என்றே அவற்றுக்குப் பெயர். மயிர் பெரும்பாலும் 'ஓநாய் மயிர்' என்று விற்கப்படும், ஆனால் ஓநாயுடையது அல்ல. வீசல் என்ற சிறு விலங்கின் வால் மயிர் அது. சீனத்தில் அதன் பெயரிலேயே ஓநாய் இருப்பதால் வந்த வழக்கு. ஆட்டு மயிர் மிருதுவானது, மையை நிறையக் குடிக்கும், ஆனால் அழுத்தினால் படுத்துவிடும். கோட்டுக்கு வேண்டியது அழுத்தியபின் துள்ளி எழும் மயிர்.

நான் முதலில் இணையத்தில் மலிவாக வாங்கிய தூரிகை இரண்டாம் நாளே முனை பிளந்து, ஒரு கோடு போட்டால் இரண்டாக வந்தது. என் கைதான் சரியில்லை என்று ஒரு மாதம் போராடினேன். நனைத்ததும் முனை ஊசிபோல் ஒன்று சேர வேண்டும், நகத்தில் வைத்து அழுத்திவிட்டு எடுத்தால் நிமிர வேண்டும். இந்த இரண்டும் இல்லாத தூரிகையைப் பழகுவதற்குக்கூட வாங்காதீர்கள்.

காகிதமும் மையும்?

காகிதம் ஷுவான் தாள். ஆன்ஹுவெய் மாகாணத்து ஜிங் வட்டாரத்தில், ஒருவகை மரப்பட்டையும் வைக்கோலும் சேர்த்துச் செய்வது. அந்தக் கைத்தொழிலை யுனெஸ்கோ 2009இல் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. இதில் 'பச்சை', 'வெந்தது' என்று இரு வகை. பச்சைத் தாள் மையை உறிஞ்சிப் பரப்பிவிடும். வெந்த தாளில் பசையும் படிகாரமும் பூசியிருப்பதால் கோடு போட்ட இடத்தில் நிற்கும். கோட்டோவியத்துக்கு வெந்த தாள். பழைய ஓவியர்களில் பலர் பட்டில் வரைந்தார்கள்.

மை என்பது புகைக்கரியும் விலங்குப் பசையும் கலந்து அழுத்திய கட்டி. மைக்கல்லில் சில சொட்டு நீர் விட்டுத் தேய்க்க வேண்டும். பாட்டில் மையும் கிடைக்கிறது, பழகப் போதும். ஆனால் தேய்க்கும் அந்தப் பத்து நிமிடத்தை நான் விட விரும்புவதில்லை. முதலில் கல்லில் சரசரவென்று சத்தம் கேட்கும். மை கெட்டியாக ஆக, சத்தம் அடங்கி, கட்டி வழுக்கிக்கொண்டு போகும், கல்லின்மேல் எண்ணெய்ப் பளபளப்பு வரும். அதற்குள் கையும் அடங்கியிருக்கும்.

தூரிகையை எப்படிப் பிடிப்பது?

செங்குத்தாக. பேனா போலச் சாய்த்துப் பிடித்தால் முனை கோட்டின் ஓரத்தில் ஓடும், ஒரு பக்கம் கூர்மையாகவும் மறு பக்கம் பிசிறாகவும் வரும். முனை கோட்டின் நடுவிலேயே ஓட வேண்டும். இதற்கு 'நடுமுனை' என்று பெயர். அப்படி வந்த கோடு தட்டையாகத் தெரியாது, கம்பியை ஒட்டிவைத்தாற்போல் உருண்டிருக்கும்.

சின்னக் கோட்டுக்கு மணிக்கட்டு மேசையில் இருக்கலாம். ஒரு சாணுக்கு மேல் போனால் முழங்கையைத் தூக்கிவிட வேண்டும், கை முழுவதும் தோளிலிருந்து நகர வேண்டும். அப்புறம், ஒவ்வொரு கோட்டுக்கும் தொடக்கம், போக்கு, முடிப்பு என்று மூன்று உண்டு. தொடங்கும்போது, போகப்போகும் திசைக்கு எதிராக ஒரு கணம் முனையைத் திருப்பி உள்ளே மறைத்துவிட்டுக் கிளம்புவார்கள். சீன எழுத்து எழுதும் முறையும் இதுவே. சோங்குக்குப் பின் வந்த யுவான் காலத்து ஓவியர் ஜாவ் மெங்ஃபூ, எழுத்தும் ஓவியமும் ஒரே வேர் என்று தன் ஓவியத்தின்மேலேயே கவிதை எழுதி வைத்தார்.

தவறாகிவிட்டால் அழிக்கலாமா?

முடியாது. மேலே இன்னொரு கோடு போட்டுச் சரிசெய்யவும் கூடாது, உடனே தெரிந்துவிடும். புதுத் தாள் எடுக்க வேண்டியதுதான்.

அப்படியானால் அவ்வளவு பெரிய ஓவியங்களை எப்படிப் பிழையில்லாமல் வரைந்தார்கள்?

முன்வரைவு உண்டு. தாளில் கரியால் வரைந்து திருத்தி, அதன்மேல் மெல்லிய தாளையோ பட்டையோ போட்டு இழுப்பார்கள். சுவருக்கு இன்னொரு வழி: வரைவின் கோடுகள்மேல் ஊசியால் துளையிட்டு, சுவரில் வைத்து, பொடியைத் தட்டுவார்கள். நம் வீட்டு வாசலில் அச்சுக் கோலத்துக்கு மாவு தட்டுவதுபோலத்தான். வடமேற்குச் சீனத்துத் துன்ஹுவாங் பௌத்தக் குகைகளில் மூடிக்கிடந்த நூலக அறை 1900இல் திறந்தபோது, துளையிட்ட அப்படிப்பட்ட தாள்களும் கிடைத்தன.

ஆனால் புள்ளிகள் வழிதான் காட்டும். அவற்றின்மேல் போகும் கோடு ஒரே மூச்சில் வர வேண்டும். ஷான்ஷி மாகாணத்து யோங்லே கோவிலில், 1325இல் முடித்த சுவரோவியத்தில் கிட்டத்தட்ட 290 தெய்வங்கள் ஊர்வலமாக நிற்கிறார்கள். முக்கியமானவர்கள் ஆள் உயரத்துக்கும் மேல். அவர்கள் ஆடையின் கோடுகள் தோளில் தொடங்கிப் பாதம்வரை இறங்குகின்றன. வரைந்தவர் கையை மட்டும் நகர்த்தியிருக்க முடியாது, உடம்போடு சேர்ந்து இறங்கியிருக்க வேண்டும். பின்னாளில் சன்மென்ஷியா அணை கட்டியபோது, இந்தச் சுவர்களைத் துண்டு துண்டாக அறுத்தெடுத்து வேறிடத்தில் மறுபடி பொருத்தினார்கள்.

பார்க்க வேண்டிய ஒரே ஓவியம் என்றால் எதைச் சொல்வீர்கள்?

'எண்பத்தேழு தெய்வங்கள்' சுருள். பெய்ஜிங்கில் ஷூ பெய்ஹோங் நினைவு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பட்டில் வெறும் மைக்கோடு, வண்ணம் துளியும் இல்லை. வரைந்தவர் யார் என்று தெரியாது. தாங் என்பாரும் உண்டு, சோங் என்பாரும் உண்டு. தாவோ மதத் தெய்வங்கள் ஒரு பாலத்தைக் கடந்து போகிறார்கள். கொடி, இசைக்கருவி, தாமரை எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு, அத்தனை பேரின் கச்சையும் ஒரே திசையில் பறக்க. கோடுகள் நெருங்கும் இடம் கருமையாகவும் விலகும் இடம் வெளிச்சமாகவும் தெரிகிறது. நிழலே தீட்டாமல் நிழல் வருவது இப்படித்தான்.

ஓவியர் ஷூ பெய்ஹோங் இதை 1937இல் ஹாங்காங்கில் கண்டு வாங்கினார். 'பெய்ஹோங்கின் உயிர்' என்று முத்திரை செதுக்கி அதில் பதித்தார். 1942இல் குன்மிங்கில் திருட்டுப் போனது. ஏறத்தாழ இரண்டு ஆண்டு கழித்துப் பெரும்பணமும் தன் ஓவியங்களும் கொடுத்து மீட்டபோது, அந்த முத்திரையைச் சுரண்டி எடுத்திருந்தார்கள். தெய்வங்களின் உருவங்கள் சேதமில்லாமல் திரும்பி வந்தன.

இன்றும் இப்படி வரைகிறார்களா?

வரைகிறார்கள். ஓவியக் கல்லூரிகளில் அடிப்படைப் பாடமே இது. அச்சுக்கும் போனது: மிங் காலத்துச் சென் ஹோங்ஷோ (1598–1652), வறுமையில் இருந்த நண்பர் குடும்பத்துக்கு உதவ நாற்பது வீரர்களின் உருவங்களை விளையாட்டுச் சீட்டுகளுக்காக வரைந்தார். முரட்டுத்தனமான, கோணலான கோடு. மரக்கட்டையில் செதுக்க ஏற்றது. இருபதாம் நூற்றாண்டில் சின்னப் படக்கதைப் புத்தகங்களில் ஹெ யோஜி (1922–2016) போன்றவர்கள் கிராமத்து மனிதர்களை நிழலில்லாத வெறுங்கோட்டில் கொண்டுவந்தார்கள். ஆசிரியர், புலவர், தெய்வம் என்று வரைந்த அதே கோட்டில் ஒரு விவசாயி குந்தியிருப்பதைப் பார்க்கும்போது எனக்கு எப்போதும் மகிழ்ச்சி.

எதிலிருந்து தொடங்குவது?

மனித உருவத்தில் தொடங்காதீர்கள். முதல் சில வாரம் நேர்க்கோடுகள்: மேலிருந்து கீழ், இடமிருந்து வலம், ஒரே தடிப்பில், மெதுவாக. பிறகு நார்சிசஸ் இலை அல்லது ஆர்க்கிட் இலை. மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் ஜாவ் மெங்ஜியன் சுருளைப் பெரிதாக்கிப் பார்க்கலாம், இலவசம். அதைத் திரையில் வைத்துக்கொண்டு ஒரே ஓர் இலையை நூறு முறை நகலெடுங்கள். தாளைமேலே போட்டு இழுப்பது ஒரு பயிற்சி, பக்கத்தில் வைத்துப் பார்த்து வரைவது இன்னொரு பயிற்சி. சீனத்தில் இரண்டுக்கும் தனித்தனிச் சொல் இருக்கிறது, இரண்டும் தேவை. முதலாவது கைக்கு, இரண்டாவது கண்ணுக்கு.

தூரிகையை எப்படிப் பாதுகாப்பது?

குளிர்ந்த நீரில், சோப்பு இல்லாமல், நீர் தெளிவாக வரும்வரை கழுவுங்கள். மை அடிவேரில் காய்ந்தால் பசை இறுகி மயிர் விரிந்துவிடும். கழுவியபின் விரலால் முனையைக் கூராக்கி, முனை கீழே பார்க்கத் தொங்கவிடுங்கள். நிமிர்த்திக் கோப்பையில் வைத்தால் நீர் கைப்பிடிக்குள் இறங்கி மயிர் கழன்றுவரும். என் வீட்டில் ஜன்னல் கம்பியில் ஒரு நூல் கட்டியிருக்கிறேன், அதில் வரிசையாக மூன்று தொங்கும்.